ஒரு ஆட்டம்கூடத் தோற்காத ஸ்டீம்வீலர்ஸ் ஏன் காணாமல் போனார்கள்?

கேள்வி இதுதான்: 2000-ம் வருடம் ஆடிய 19 ஆட்டங்களையும் ஜெயித்த குவாட் சிட்டி ஸ்டீம்வீலர்ஸ், அதுவும் அரீனா கால்பந்து (உள்ளரங்கில் ஆடும் அமெரிக்கக் கால்பந்து) என்கிற விளையாட்டையே கண்டுபிடித்த மனிதர் தொடங்கிய அணி, பத்தே வருடத்தில் எப்படி மூடப்பட்டது? யார் சொதப்பினார்கள்?

சுருக்கமாகச் சொன்னால், அணி சொதப்பவில்லை. மாதா மாதம் வாடகையை ஒழுங்காகக் கட்டிக்கொண்டு இருந்த குடித்தனக்காரர், வீட்டுக்காரர் கடனில் மூழ்கியதால் தெருவுக்கு வந்த கதை இது. விரிவாகச் சொல்ல வேண்டுமென்றால் 1981-க்குப் போக வேண்டும், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் விளையாட்டு. அமெரிக்கக் கால்பந்தைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள், ஹெல்மெட், தோள்கவசம், முட்டை வடிவப் பந்து. அந்த மைதானம் ரொம்பப் பெரியது. இரு முனைகளிலும் உள்ள எண்ட் ஸோனையும் (பந்தைக் கொண்டுபோய்ப் புள்ளி எடுக்கும் பகுதி) சேர்த்தால் 360 அடி நீளம், 160 அடி அகலம். அதைக் கூரைக்கு அடியில் கொண்டுவர ராட்சதக் கட்டடம் வேண்டும். ஆனால் அமெரிக்காவில் ஒரு நடுத்தர ஊரில்கூட ஐஸ் ஹாக்கிக்காகக் கட்டின ஒரு அரங்கம் இருக்கும், அதன் தளம் 200 அடிக்கு 85 அடி. 1981 பிப்ரவரி 11 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் உள்ளரங்க சாக்கர் (நாம் கால்பந்து என்று சொல்வது) ஆல் ஸ்டார் ஆட்டம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார் ஜிம் ஃபாஸ்டர். ஐயோவா மாநிலத்துக்காரர், அமெரிக்கக் கால்பந்தின் பெரிய லீகான என்.எஃப்.எல்.-இன் வணிகப் பிரிவில் வேலை. ஐஸ் மேல் பச்சைக் கம்பளத்தைப் போட்டு சாக்கர் ஆடலாம் என்றால் நம்ம கால்பந்தை ஏன் ஆடக்கூடாது என்று தோன்றியிருக்கிறது. கையில் இருந்த பழுப்பு நிறக் காகித உறையை எடுத்து அதன் மேலேயே மைதானத்தை வரைந்துவிட்டார்.

அவர் போட்ட கணக்கைப் பாருங்கள். நடுவில் 50 யார்டு, இரண்டு பக்கமும் எட்டு எட்டு யார்டு எண்ட் ஸோன். மொத்தம் 66 யார்டு, அதாவது 198 அடி. ஹாக்கித் தளத்தின் 200 அடிக்குள் இரண்டே அடி மிச்சம். அகலம் அப்படியே 85 அடி. பதினோரு பேர் ஆடும் ஆட்டத்தை எட்டு பேராகக் குறைத்தார். கோல்போஸ்ட் என்.எஃப்.எல்.-இல் பதினெட்டரை அடி அகலம், இங்கே ஒன்பது அடி. குறுக்குக் கம்பி அங்கே பத்து அடி உயரம், இங்கே பதினைந்து. போஸ்ட்டின் இரு பக்கமும் கூரையை நோக்கி எழும்பி நிற்கும் பெரிய வலை, முப்பது அடி அகலத்துக்கு. உதைத்த பந்து அந்த வலையில் பட்டுத் திரும்பி வந்தால் ஆட்டம் நிற்காது, பந்து உயிரோடுதான் இருக்கிறது, யார் பிடித்தாலும் ஓடலாம். மொட்டைமாடி கிரிக்கெட்டில் சுவரில் பட்டுத் தெறிக்கும் பந்துக்கு நாமே ஒரு விதி வைத்துக்கொள்வோம் இல்லையா, அந்தப் புத்திதான். ஆனால் அவர் அதற்குக் காப்புரிமை வாங்கினார். 1990-ல் கிடைத்தது. அதனால்தான் பிறகு முளைத்த மற்ற உள்ளரங்கக் கால்பந்து லீகுகளில் இந்த வலை இருக்காது.

இன்னும் சில விதிகள் தெரிந்தால்தான் ஸ்டீம்வீலர்ஸ் ஸ்கோர்கள் ஏன் 68, 59 என்று கூடைப்பந்து மாதிரி இருக்கின்றன என்று புரியும். இங்கே பன்ட் கிடையாது. நான்காவது முயற்சியில் பந்தை உதைத்து எதிரணிக்குத் தள்ளிவிட்டுத் தப்பிக்க முடியாது, ஒன்று முயற்சி பண்ணு, இல்லை கோல்போஸ்ட்டுக்குள் உதைத்து ஃபீல்டு கோல் எடு. பந்து கைமாறும் முன்பே, எறியும் பந்தைப் பிடிக்கும் ரிசீவர் ஒருவர் மட்டும் முன்னோக்கி முழு வேகத்தில் ஓடி வரலாம், அவரை மறிக்க நிற்கும் தடுப்பாட்டக்காரர் நின்ற இடத்திலிருந்து கிளம்புவதற்குள் அவர் ஐந்து அடி தாண்டிப் போயிருப்பார். தடுப்பில் பின்னால் நிற்கும் இரண்டு லைன்பேக்கர்களில் ஒருவருக்கு மட்டும்தான் பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கை நோக்கிப் பாய அனுமதி. கடிகாரம் ஒவ்வொரு பாதியின் கடைசி நிமிடத்தைத் தவிர ஓடிக்கொண்டே இருக்கும். பந்தைத் தரையில் விட்டு எழும்பும்போது உதைக்கும் ட்ராப் கிக்கில் போட்ட ஃபீல்டு கோலுக்கு மூன்றல்ல, நான்கு புள்ளி. அப்புறம் இன்னொன்று, 2007 வரைக்கும் குவார்ட்டர்பேக் போன்ற ஒரு சிலரைத் தவிர மற்றவர்கள் தாக்குதல், தடுப்பு இரண்டும் ஆட வேண்டும். எண்ட் ஸோனுக்குள் பந்தைக் கொண்டுபோய் டச்டவுன் போட்டுவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டே திரும்பித் தடுப்புக்கு நிற்க வேண்டும்.

ஓரக்கோடு என்று ஒன்று கிடையாது, அதற்குப் பதிலாகப் பஞ்சு வைத்துத் தைத்த இடுப்புயரச் சுவர். அந்தச் சுவர்தான் முழு விளையாட்டும் என்பேன் நான். நூறு கிலோ ஆள் ஒருவன் பந்தைப் பிடித்த வேகத்தில் இடிபட்டுச் சுவரைத் தாண்டித் தலைகீழாக முதல் வரிசை ரசிகரின் மடியில் விழுவான், அவர் கையில் இருந்த பியர் அவன் முதுகில் ஊற்றும், அவரே அவனைத் தூக்கி நிறுத்தி முதுகில் தட்டி அனுப்புவார். கூட்டத்துக்குள் போன பந்தை ரசிகர் வீட்டுக்கே கொண்டு போகலாம். ஒரு என்.எஃப்.எல். டிக்கெட்டுக்கு ஆகும் காசில் குடும்பத்தோடு வந்து இவ்வளவு கிட்டத்தில் உட்காரலாம் என்றால் சின்ன ஊர்க்காரர்கள் ஏன் வரமாட்டார்கள்?

சரி, ஃபாஸ்டருக்கு வருவோம். உறையில் வரைந்ததும் உடனே ஆட்டம் தொடங்கிவிடவில்லை. நடுவில் யு.எஸ்.எஃப்.எல். என்று ஒரு புது லீக் வந்தது, அதில் வேலைக்குப் போனார், உறை கிடப்பில் கிடந்தது. அந்த லீகின் ஆட்டங்கள் நின்ற பிறகுதான் திரும்ப எடுத்தார். 1986 ஏப்ரலில் இல்லினாயின் ராக்ஃபோர்டு நகரில் சோதனை ஆட்டம். 1987-ல் நான்கே அணிகளோடு அரீனா ஃபுட்பால் லீக் தொடங்கியது. பிட்ஸ்பர்க்கில் நடந்த முதல் ஆட்டம் 48-46. அந்தக் கோடைக் கோப்பையை டென்வர் டைனமைட் எடுத்தது. ஆனால் 1992-ல் அவரைக் கமிஷனர், அதாவது லீக் தலைவர், நாற்காலியிலிருந்து இறக்கிவிட்டார்கள். தான் பெற்ற பிள்ளை தன்னையே வீட்டை விட்டு அனுப்பிய மாதிரி. வேறு யாராவதாக இருந்தால் வழக்குப் போட்டுக்கொண்டு திரிந்திருப்பார்கள். இவர் சொந்த மாநிலத்துக்குத் திரும்பி, 1995-ல் டெ மாயின் நகரில் ஐயோவா பார்ன்ஸ்டார்மர்ஸ் என்ற அணியைத் தொடங்கி, தான் உருவாக்கிய லீகிலேயே ஒரு அணிக்காரராக வந்து உட்கார்ந்தார்.

அந்த அணிக்குக் கிடைத்த குவார்ட்டர்பேக் கர்ட் வார்னர். கிரீன் பே பேக்கர்ஸ் பயிற்சி முகாமிலிருந்து கழற்றிவிடப்பட்டு, ஐயோவாவில் ஹை-வீ என்ற மளிகைக் கடையில் மணிக்கு ஐந்தரை டாலருக்கு இரவு நேரத்தில் அலமாரி அடுக்கிக்கொண்டிருந்தவர். 1995 முதல் 97 வரை பார்ன்ஸ்டார்மர்ஸில் ஆடினார், இரண்டு முறை இறுதிப் போட்டி வரை கூட்டிப்போனார், இரண்டிலும் தோல்வி. பிறகு ஐரோப்பாவில் ஒரு சீசன், அப்புறம் என்.எஃப்.எல். 2000 ஜனவரி 30 அன்று செயின்ட் லூயிஸ் ராம்ஸுக்காக, என்.எஃப்.எல். இறுதிப் போட்டியான சூப்பர் பவுலில் 414 யார்டு எறிந்து ஜெயித்து, ஆட்டநாயகனாகவும் நின்றார்.

அந்தத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த சில வாரங்களிலேயே ஏ.எஃப்.2 என்ற புது லீக் தன் முதல் சீசனைத் தொடங்குகிறது. அரீனா லீகின் தம்பி லீக், சின்ன ஊர்களுக்கானது. உலகமே வார்னர் கதையைப் பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில், கல்லூரியோடு கால்பந்து முடிந்துவிட்டது என்று நினைத்திருந்த பையன்கள் எல்லாம் வரிசையில் வந்து நின்றார்கள். இதைவிட நல்ல விளம்பரம் காசு கொடுத்தாலும் கிடைக்காது.

ஏ.எஃப்.2-வில் சம்பளம் ஆட்டத்துக்கு 200 டாலர், ஜெயித்தால் மேலே 50. அந்தக் கணக்கில் 19 ஆட்டத்தையும் ஜெயித்தால்கூட மொத்தம் 4,750 டாலர்தான் தேறும். அணியே தங்க இடம் கொடுத்துவிடும், அதனால் ஓட்ட முடியும், ஆனால் யாரும் இதை நம்பிக் கல்யாணம் பண்ணிக்கொள்ள முடியாது. பகலில் வேறு வேலை, மாலையில் பயிற்சி, வாரக்கடைசியில் நீளமான பஸ் பயணம். எல்லா அணிக்கும் ஒரே சம்பளம் என்பதால் பணக்கார முதலாளி யாரும் நட்சத்திரங்களை வாங்கிக் குவிக்கவும் முடியாது. லீகைப் பிழைக்க வைப்பதற்கென்றே போட்ட விதி அது.

இப்போது ஊர். குவாட் சிட்டீஸ் என்பது ஒரு ஊர் இல்லை. மிசிசிப்பி ஆற்றின் இரு கரையிலும் ஒட்டிக்கிடக்கும் ஊர்களின் கூட்டம்: ஐயோவா பக்கம் டேவன்போர்ட், பெட்டன்டார்ஃப், இல்லினாய் பக்கம் ராக் ஐலண்ட், மோலின், ஈஸ்ட் மோலின். எண்ணிப் பார்த்தால் ஐந்து வரும், பெயர் மட்டும் நான்கு நகரம்! எல்லாம் சேர்த்து நான்கு லட்சத்துக்குச் சற்றுக் குறைவான மக்கள். வடக்கிலிருந்து தெற்கே போகும் மிசிசிப்பி இங்கே திரும்பிக் கிழக்கிலிருந்து மேற்கே ஓடும். டிராக்டர் செய்யும் ஜான் டியர் நிறுவனத்தின் தலைமையகம் மோலினில்தான். 1993-ல் மோலினில் ஆற்றுக்குப் பக்கத்தில் பன்னிரண்டாயிரம் பேர் உட்காரும் அரங்கம் ஒன்றைக் கட்டினார்கள். அப்போது அதன் பெயர் 'தி மார்க்'.

ஸ்டீம்வீலர்ஸ் என்ற பெயர் ஆற்றிலிருந்து வந்தது, பின்னால் பெரிய மரச்சக்கரம் சுற்ற நகரும் பழைய நீராவிப் படகுகளின் ஞாபகம். இதில் எனக்குப் பிடித்த ஒரு கிளைக்கதை உண்டு. மிசிசிப்பியின் குறுக்கே முதல் ரயில் பாலம் கட்டப்பட்டது இதே ராக் ஐலண்டில், 1856-ல். திறந்து இரண்டு வாரம் ஆனதும் எஃபி ஆஃப்டன் என்ற நீராவிப் படகு பாலத்தில் மோதித் தீப்பிடித்து எரிந்தது. படகுக்காரர்கள் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டார்கள். ரயில்வே தரப்புக்காக வாதாடியவர்களில் ஒருவர் அப்போது வெறும் வக்கீலாக இருந்த ஆபிரகாம் லிங்கன். பாலம் நின்றது, படகுகளின் காலம் மெல்ல முடிந்தது. தன்னைத் தாண்டிப் போன ஒரு பெரிய வலைப்பின்னலால் வழக்கொழிந்துபோன வண்டியின் பெயரைத்தான் இந்த அணி தூக்கிச் சுமந்தது. பெயர் வைத்தவர்கள் அப்படி யோசித்திருக்க மாட்டார்கள்தான்.

சரி, முதல் சீசன். ஏ.எஃப்.2-வில் பதினைந்து அணிகள். பயிற்சியாளர் ஃபிராங்க் ஹேகி. பதினாறு லீக் ஆட்டம், பதினாறு வெற்றி. பிளே ஆஃபில் இன்னும் மூன்று. இறுதிப் போட்டியில், அதாவது முதல் அரீனா கப்பில், அலபாமாவின் ஹன்ட்ஸ்வில்லிலிருந்து வந்த டென்னசி வேலி வைப்பர்ஸை 68-59 என்று ஜெயித்தார்கள். 19-0. புள்ளிகளைப் பார்த்தால் ஏதோ தடுப்பே இல்லாத ஆட்டம் போலத் தோன்றும். அரீனாவில் ஒரே ஒரு முறை எதிரணியை டச்டவுன் போட விடாமல் நிறுத்தினாலே ஆட்டம் திரும்பிவிடும், ஏனென்றால் இரு அணியும் மாறி மாறிப் போட்டுக்கொண்டே இருக்கும். டென்னிஸில் சர்வீஸை முறியடிப்பது போல. 68-59 என்றால் அப்படி ஓரிரண்டு முறியடிப்புதான் வித்தியாசம்.

ஏன் இவ்வளவு ஆதிக்கம்? என் கணிப்பு எளிமையானது. சம்பளம் எல்லோருக்கும் ஒன்று, வீரர்கள் கிட்டத்தட்ட ஒரே தரம். மிச்ச அணிகள் பலவற்றுக்கு அரீனா கால்பந்தே புதிது, வெளி மைதானத்தில் பழகிய கண்ணோடு வந்து வலையில் பட்டுத் திரும்பும் பந்தை எங்கே நின்று பிடிப்பது என்றே கற்றுக்கொண்டிருந்தார்கள். இந்தப் பக்கம் விதிப்புத்தகத்தை எழுதியவரே அணியின் பின்னால் நிற்கிறார், ஐந்து வருடம் பக்கத்து நகரில் அணி நடத்திய அனுபவமும் கையில். கிரிக்கெட்டே தெரியாத ஊரில் நன்றாகச் சுழற்றுகிற ஒருவன் போய்ச் சேர்ந்தால் முதல் வருடம் என்ன ஆகுமோ அதுதான் ஆனது.

2001-ல் லீக் 28 அணியாக வீங்கிவிட்டது. இந்தத் தடவை தோல்விகளும் இருந்தன, ஆனாலும் கோப்பை மறுபடி குவாட் சிட்டிக்கே: ரிச்மண்ட் ஸ்பீடை 55-51. ஹேகியை உடனே மேல் லீகின் நியூ ஜெர்சி கிளாடியேட்டர்ஸ் அழைத்துக்கொண்டது. சின்ன லீகில் வெற்றிக்குக் கிடைக்கும் பரிசு இதுதான், உங்கள் ஆளைப் பெரிய லீக் எடுத்துக்கொண்டு போகும். வீரர்களும் அப்படியே. அப்புறம் ஸ்டீம்வீலர்ஸுக்கு மூன்றாவது கோப்பை வரவே இல்லை. 2002 முதல் 2008 வரைக்கும் நல்ல வருடம், சுமாரான வருடம் என்று போனது, பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. அரங்கத்தின் பெயர்தான் 2007-ல் ஐ வயர்லெஸ் சென்டர் என்று மாறியது.

கவனிக்க வேண்டியது அணியை அல்ல, லீகின் எண்ணிக்கையை. 15, 28, அப்புறம் 2002-ல் 34. அடுத்த வருடமே 27. 2005-ல் 20. பிறகு மறுபடி ஏறி 30, கடைசியில் 2009-ல் 25. இந்த எண்களுக்குள் எத்தனை ஊர்கள் வந்து போயிருக்கின்றன என்று யோசியுங்கள். புது அணி சேரும்போது நுழைவுக் கட்டணம் கட்டுவார்கள், அந்தப் பணம் இனிக்கும், ஆனால் அது ஒரு முறை வருகிற பணம். ஊருக்கு அணி தாங்குமா என்று பார்க்காமல் சேர்த்தால் இரண்டாவது வருடம் அந்த அணி இருக்காது. இத்தனை அமளியிலும் பத்து சீசனையும் விடாமல் ஆடிய மிகச் சில அணிகளில் ஒன்று ஸ்டீம்வீலர்ஸ். டல்சா டேலன்ஸ் இன்னொன்று. நிர்வாகம் மோசமாக இருந்தால் இது நடக்காது.

ஒரு சின்ன ஊர் அரீனா அணியின் வரவு செலவையும் பார்த்துவிடலாம். அரங்கம் குளிர்காலத்தில் ஹாக்கிக்கும் கச்சேரிக்கும் ஓடும். வசந்தம் வந்தால் தேதிகள் காலி. அந்தக் காலித் தேதிகளை நிரப்ப வருபவர்தான் அரீனா அணி. சொந்த மைதானத்தில் எட்டு ஆட்டம், அவ்வளவுதான் வருடத்து வருமானம். பார்க்கிங் காசும் தின்பண்டக் காசும் அணிக்கு வருமா, அரங்கத்துக்குப் போகுமா என்பது ஒப்பந்தத்தைப் பொறுத்தது, அதிலேயே பாதி அணிகளின் தலையெழுத்து முடிவாகிவிடும். வீரர் சம்பளம் அல்ல பெரிய செலவு. வாடகை, பஸ், தங்குமிடம், அப்புறம் வேலையில் காயம்பட்டால் கட்ட வேண்டிய தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு. 200 டாலர் வாங்கும் ஆளின் முழங்கால் போனால் அறுவை சிகிச்சைக்கு எவ்வளவு ஆகும்? வேலையே ஒருவரை ஒருவர் இடித்துத் தள்ளுவதுதான் எனும்போது காப்பீட்டு நிறுவனம் எந்த விகிதம் சொல்லும் என்று நினைத்துப் பாருங்கள். நிறைய உள்ளரங்க அணிகளின் கழுத்தை நெரித்தது இந்தக் காப்பீடுதான்.

இனி வீட்டுக்காரர் கதை. ஏ.எஃப்.2-வின் 50.1 சதவீதம் மூத்த லீகின் கையில். அந்த மூத்த லீக் 2000-களில் வேறு உலகத்துக்குப் போயிருந்தது. என்.பி.சி. ஒளிபரப்பு, பிறகு ஈ.எஸ்.பி.என்., ராக் பாடகர் ஜான் பான் ஜோவி ஒரு அணியின் உரிமையாளர், முன்னாள் என்.எஃப்.எல். நட்சத்திரம் ஜான் எல்வே இன்னொன்றில். என்.எஃப்.எல். முதலாளிகள் சிலரே அணி வாங்கியிருந்தார்கள். சம்பளம் ஏறியது, செலவு ஏறியது, கூட்டமும் நன்றாகவே இருந்தது, ஆனால் வரவு அந்த வேகத்தில் ஏறவில்லை. 2008 ஜூலையில், இறுதிப் போட்டிக்கு இரண்டு நாள் முன்பு கமிஷனர் டேவிட் பேக்கர் ராஜினாமா செய்தார். கல்யாணத்துக்கு முதல் நாள் மாப்பிள்ளையின் அப்பா ஊரைவிட்டுப் போனால் என்ன அர்த்தமோ அதேதான். பிறகு உலகமே பொருளாதாரச் சரிவில் இறங்கியது, டிசம்பரில் 2009 சீசன் கிடையாது என்று அறிவித்தார்கள்.

இங்கேதான் வேடிக்கை. அண்ணன் படுத்துவிட்டான், தம்பி எழுந்து நடக்கிறான். 2009-ல் ஏ.எஃப்.2-வின் 25 அணிகளும் சீசனைத் தொடங்கி ஆடின. ஆட்டத்துக்கு 200 டாலர் கொடுத்துப் பஸ்ஸில் போகிறவர்களுக்குப் பொருளாதாரச் சரிவு அவ்வளவாகக் கடிக்கவில்லை. ஆகஸ்டில் லாஸ் வேகாஸில் நடந்த இறுதிப் போட்டியில் ஸ்போகேன் ஷாக், வில்க்ஸ் பாரி ஸ்கிராண்டன் பயனியர்ஸை 74-27 என்று சப்பிப் போட்டது. அதே ஆகஸ்டில் மூத்த லீக் திவாலானது, எல்லாவற்றையும் விற்றுக் கடன்காரர்களுக்குக் கொடுக்கும் வகைத் திவால். பாதிக்கு மேல் பங்கு யாரிடம் இருந்ததோ அவர் திவால் என்றால் அந்தப் பங்கும் ஏலப் பொருள். தம்பி லீகின் பெயரும் பங்கும் எந்தக் கடன்காரர் கைக்குப் போகும் என்று தெரியாமல் 2010-க்கு யார் கையெழுத்துப் போடுவார்கள்? செப்டம்பரில் ஏ.எஃப்.2 கலைந்தது. ஸ்டீம்வீலர்ஸும் அதோடு போனது. கடைசி ஆட்டத்தில் தோற்று மூடப்பட்ட அணி அல்ல, அடுத்த ஆட்டம் எந்த லீகில் என்ற கேள்விக்கு விடை இல்லாமல் மூடப்பட்ட அணி.

ஏன் வேறு லீகுக்குப் போகவில்லை என்று கேட்கலாம். கலைந்த ஏ.எஃப்.2 அணிகளில் சிலர் சேர்ந்து அரீனா ஃபுட்பால் 1 என்று ஒன்றை அமைத்தார்கள், அந்தக் குழு டிசம்பரில் 61 லட்சம் டாலருக்குப் பழைய லீகின் சொத்துகளை ஏலத்தில் எடுத்து அதன் பெயரிலேயே 2010-ல் ஆடத் தொடங்கியது. ஸ்போகேன் போனது, டல்சா போனது, ஐயோவா பார்ன்ஸ்டார்மர்ஸும் போனது. ஸ்போகேன் சேர்ந்த வருடமே அரீனா பவுல் என்ற இறுதிப் போட்டியையும் ஜெயித்தது. ஆனால் அந்த லீகில் சம்பளம் ஆட்டத்துக்கு 400 டாலர், பயணம் நாட்டின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு, அதாவது பஸ் இல்லை, விமானம். டெ மாயினோ ஸ்போகேனோ அதைத் தாங்கலாம். அதே ஐயோவா ரசிகர் கூட்டத்தில் பங்கு கேட்கும் மோலின் தாங்குமா? நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் நானும் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன்.

இந்த ஊருக்கு இது புதிதும் அல்ல, அதைச் சொல்லாமல் இந்தப் பதில் முழுமையாகாது. என்.எஃப்.எல். என்று பின்னால் பெயர் மாறிய லீகின் அணி ஒன்று ஆடிய முதல் ஆட்டமே இங்கேதான் நடந்தது: 1920 செப்டம்பர் 26, ராக் ஐலண்டின் டக்ளஸ் பார்க், ராக் ஐலண்ட் இண்டிபெண்டன்ட்ஸ் செயின்ட் பால் ஐடியல்ஸை 48-0 என்று அடித்தது. ஒலிம்பிக் தங்கம் வென்ற ஜிம் தோர்ப் 1924, 25-ல் இந்த அணிக்கு ஆடினார். 1926-ல் என்.எஃப்.எல்.-ஐ விட்டுப் போட்டி லீக் ஒன்றுக்குப் போனார்கள், அந்த லீக் ஒரே சீசனில் படுத்தது, இண்டிபெண்டன்ட்ஸும் கூடவே முடிந்தது. மோலினின் வார்ட்டன் ஃபீல்டு ஹவுஸில் ஆடிய ட்ரை சிட்டீஸ் பிளாக்ஹாக்ஸ் என்ற கூடைப்பந்து அணி 1951-ல் மில்வாக்கிக்குப் போய், பிறகு செயின்ட் லூயிஸ், இன்றைக்கு அதுதான் அட்லாண்டா ஹாக்ஸ். ரெட் ஆவர்பாக் பாஸ்டன் கூடைப்பந்து அணிக்குப் போய்ச் சரித்திரம் படைக்கும் முன் ஒரு சீசன் இங்கே பயிற்சியாளர். ஸ்டீம்வீலர்ஸ் ஆடிய அதே அரங்கத்தில் ஆடிய குவாட் சிட்டி தண்டர் என்ற கூடைப்பந்து அணி 1994-லும் 98-லும் சி.பி.ஏ. என்ற கூடைப்பந்து லீகின் கோப்பையை எடுத்தது. 2001 பிப்ரவரியில் சீசன் நடுவிலேயே அந்த சி.பி.ஏ. லீக் சரிந்தது, தண்டரும் போனது. அதே வருடக் கோடையில்தான் ஸ்டீம்வீலர்ஸ் இரண்டாவது கோப்பையைத் தூக்கியது. பக்கத்து வீட்டுக்காரர் எப்படி வெளியேறினார் என்பதை அவர்கள் நேரிலேயே பார்த்திருக்கிறார்கள், எட்டு வருடம் கழித்துத் தங்களுக்கும் அதேதான்.

ஆக, யார் சொதப்பினார்கள் என்று கேட்டால் நான் கைகாட்டுவது மேலே இருந்தவர்களைத்தான். சின்ன ஊர்களுக்குக் கட்டுப்படியாகும் ஒரு லீகைக் கட்டிவிட்டு, அதன் சாவியைச் செலவாளியின் சட்டைப்பையில் வைத்தார்கள். 25 அணிகளின் முதலாளிகளே பெரும்பங்கை வைத்திருந்தால் 2010-லும் பஸ் கிளம்பியிருக்கும் என்றே நினைக்கிறேன். ஃபாஸ்டர் விஷயத்தில் இது இன்னும் கசப்பு. 1992-ல் அவரை நாற்காலியிலிருந்து இறக்கிய லீக், 2009-ல் அவர் தொடங்கிய அணியையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போனது. ஆனால் அரீனா பவுலில் ஜெயித்தவர்களுக்குக் கொடுத்துவந்த கோப்பையின் பெயர் ஃபாஸ்டர் டிராஃபி!

பெயர் மட்டும் திரும்பி வந்தது. 2018-ல் அதே மோலினில், அதே அரங்கத்தில் (அதற்குள் அதன் பெயர் டாக்ஸ்ஸ்லேயர் சென்டர், இப்போது வைப்ரன்ட் அரீனா) குவாட் சிட்டி ஸ்டீம்வீலர்ஸ் என்று புது முதலாளியோடு புது அணி ஒன்று தொடங்கியது. 2019 முதல் இண்டோர் ஃபுட்பால் லீகில் ஆடுகிறது. பழைய அணியோடு பெயரையும் ஊரையும் தவிரத் தொடர்பு இல்லை. மைதானம் அதே 50 யார்டு, சுவர் அதே சுவர், ரசிகர் மடியில் விழும் ஆளும் உண்டு. போஸ்ட்டுக்குப் பக்கத்தில் அந்த வலை மட்டும் கிடையாது. காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது, யார் வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம், ஆனாலும் அந்த லீகில் யாரும் கட்டவில்லை. தவறிய உதை நேராக ரசிகர்கள் பக்கம் போகிறது.